மெலிந்த கைக்கு ஒரு கடிகாரம்
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



செயலர் என்னைப் பேச அழைத்தபோது, "பேங்கில முப்பத்தாறு வருஷம் இருந்தீங்க. ரிட்டயர் ஆனவங்க பணத்தை எங்கே போடலாம்னு பேசுங்களேன்" என்றார். "பணத்தைத் தப்பான இடத்தில் போட்ட கதையைப் பேசுகிறேன்" என்றேன். சிரித்துவிட்டுச் சரி என்றார். அது கைக்கடிகாரத்தில் போட்ட பணம் என்பது அவருக்கே இப்போதுதான் தெரியும். ஆகவே வைப்புநிதி வட்டி பற்றிக் குறிப்பெடுக்கக் காகிதத்தோடு வந்திருப்பவர்கள் மன்னிக்க வேண்டும். காகிதம் வீணாகாது. கொஞ்ச நேரம் கழித்து அதைக் கத்தரித்துப் பயன்படுத்தலாம்.

1976-ல் நான் இங்கே இயற்பியல் வகுப்பில் சேர்ந்தபோது என் எடை 44 கிலோ. விடுதியில் எனக்கு வைத்த பெயர் குச்சி. அதில் எனக்கு வருத்தமில்லை. பக்கத்து அறையில் இருந்தவனுக்கு வைத்த பெயரை இந்த மேடையில் சொல்லவே முடியாது. சேர்ந்த அன்று என் அப்பா ஓர் எச்.எம்.டி. ஜனதா வாங்கிக் கொடுத்தார். அந்தக் காலத்துப் பையன்களுக்கு அது பூணூல் மாதிரி, மீசை மாதிரி. அது கையில் ஏறினால்தான் ஆள். ஜப்பானிய சிட்டிஸன் கம்பெனியின் உதவியோடு 1961-ல் பெங்களூரில் தொடங்கிய தொழிற்சாலையில் செய்த கடிகாரம். 17 கல். தினமும் காலையில் சாவி கொடுக்க வேண்டும்.

பட்டையில் கடைசி ஓட்டையில் மாட்டினாலும் அது முழங்கை வரை ஓடிற்று. அப்பா ஒரு கோணி ஊசியைச் சூடு பண்ணி மேலும் இரண்டு ஓட்டை போட்டார். பட்டையின் வால் கையைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் வந்து நின்றது. அதைப் பார்த்துச் சிரித்தவர்களில் ஒருவன் என் பக்கத்து பெஞ்சுக்காரன். அவன் அப்பாவுக்குத் தெப்பக்குளம் பக்கத்தில் வாட்ச் ரிப்பேர் கடை. சிரித்ததோடு நிற்கவில்லை. மறுநாள் கடிகாரத்தைக் கழற்றி வாங்கிக்கொண்டு போய், பட்டையை இரண்டு பக்கமும் வெட்டித் தைத்து, என் கைக்கென்றே அளவாகச் செய்து கொண்டுவந்து கொடுத்தான். காசு வாங்கவில்லை. "நூறு கிராம் பக்கோடா வாங்கிக் குடுறா குச்சி" என்றான்.

அவனைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். பிறகு சொல்கிறேன்.

படிப்பு முடிந்தது, வேலை கிடைத்தது, ஊர் ஊராக மாற்றல். எடை கூடிற்று, வயிறு வந்தது, மணிக்கட்டு மட்டும் அப்படியே நின்றுவிட்டது. இது என் ஒருவன் விஷயமில்லை. மணிக்கட்டில் எலும்பும் தசைநாரும் தோலும்தான். சதை போட அங்கே இடம் குறைவு. ஆள் பெருத்தாலும் கை பெருக்காது. நான் வெயில் காலத்திலும் முழுக்கைச் சட்டை போட்டதற்குக் கௌரவம் என்று அலுவலகத்தில் நினைத்தார்கள். காரணம் இந்தக் கைதான். என்னை வெற்றுக்கையோடு பார்த்த வாடிக்கையாளர்கள் ரொம்பக் குறைவு.

2019-ல் ஓய்வு பெற்றேன். வாழ்நாளில் ஒரே ஒரு முறை, ஒரு நல்ல சுவிஸ் கடிகாரம் வாங்குவது என்று பல வருடமாக மனதில் ஓர் ஆசை. வீடு கட்டியாயிற்று, பெண்ணுக்குக் கல்யாணம் ஆயிற்று. என் மனைவி, "வாங்கிக்கோங்க, ஆனா பொறுமையாப் பாத்து வாங்குங்க" என்றாள். முதல் பாதியைக் கேட்டேன். இரண்டாவது பாதியைக் கேட்கவில்லை.

சென்னையில் ஒரு பெரிய கடை. பெயர் வேண்டாம். குளிர்சாதனம், காபி, வெல்வெட் தட்டு, வெள்ளை உறை போட்ட கை. "இப்ப ஆண்கள் எல்லாம் பெரிய டயல்தான் சார் போடறாங்க. உங்க பர்சனாலிட்டிக்கு இது எடுப்பா இருக்கும்" என்று ஒரு பையன் சொன்னான். அறுபது வயதில் ஒருவன் என் பர்சனாலிட்டியைப் பற்றிப் பேசியதும் நான் விழுந்துவிட்டேன். 43 மி.மீ. அகலம், 15 மி.மீ. உயரம், எஃகுச் செயின். அந்தக் கடிகாரத்தின் மேல் ஒரு குற்றமும் இல்லை, அருமையான வேலைப்பாடு. அது வேறு ஒருவனுடைய கைக்காகப் பிறந்தது, அவ்வளவுதான். செயினில் ஏழு லிங்க் கழற்றினார்கள். கழற்றியதைச் சின்னப் பையில் போட்டுக் கொடுத்தபோதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாளே தெரிந்துவிட்டது. கையெழுத்துப் போடக் கையை மடக்கினால் சாவி புறங்கையில் குத்தும். சாயங்காலம் பார்த்தால் அங்கே வட்டமாக ஒரு சிவப்புத் தழும்பு. தலை கனம் என்பதால் நடக்கும்போதே கடிகாரம் கையின் பக்கவாட்டுக்குச் சரிந்துவிடும். மணி பார்க்கும்போதெல்லாம் அதைத் தூக்கி நிறுத்த வேண்டும். குளிரூட்டிய கடையில் அளவெடுத்த செயின் திருச்சி மத்தியான வெயிலில் கையை இறுக்கும். வெயிலில் கை உப்பும், குளிரில் சுருங்கும் என்பது இயற்பியல் படித்த எனக்கே அப்போது உறைக்கவில்லை. ஒரு லிங்க் சேர்த்தால் காலையில் வளையல் மாதிரி ஆடும். ஒரு கல்யாணப் பந்தியில் பரிமாறும்போது அது கழன்று சுழன்று கிரானைட் மேஜையில் மோதிய சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. எல்லாவற்றையும்விட, என் சொந்தத் தம்பி மகன் கேட்டது: "பெரியப்பா, இது யாரோடது?"

நல்ல கேள்வி. யாரோடதோ மாதிரிதான் இருந்தது.

2020-ல் ஊரடங்கு. கடிகாரம் அலமாரிக்குள் போயிற்று. வெட்கத்தினால் ஊரடங்கு முடிந்த பிறகும் அதை வெளியே எடுக்கவில்லை. 2022-ல் விற்றேன். வாங்கிய விலையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போயிற்று. முப்பத்தாறு வருடம் மற்றவர்களுடைய இயந்திரங்களுக்குத் தேய்மானக் கணக்குப் போட்டவன் நான். என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாவிட்டால் என்ன பொருள் என்று கல்யாணமானவர்களுக்குத் தெரியும்.

அப்போதுதான் தெப்பக்குளத்து நண்பன் ஞாபகம் வந்தான்.

அவன் எங்களோடு இரண்டு வருடம்தான் படித்தான். மூன்றாம் வருடம் அவன் அப்பா படுத்துவிட்டார். கடையில் உட்கார ஆள் வேண்டும். பரீட்சை எழுதவில்லை. பட்டம் வாங்காததால் நம் சங்கப் பட்டியலிலும் அவன் பேர் ஏறவில்லை. நாற்பது வருடத்துக்கு மேலாக ஒரு சந்திப்புக்கும் அழைப்பு போகவில்லை. சங்கத்தைக் குறை சொல்லவில்லை. நான் அவன் பக்கத்து பெஞ்சுக்காரன், நானும் கூப்பிடவில்லை. ஓய்வு பெற்று ஊருக்குத் திரும்பியபின் அவன் கடை இருக்கும் தெரு வழியாக எத்தனையோ முறை போயிருக்கிறேன். சுவிஸ் கடிகாரம் வாங்குகிறவனுக்கு ரிப்பேர் கடைக்காரன் என்ன சொல்லிவிடப் போகிறான் என்கிற நினைப்பு. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. சொல்லாவிட்டால் இந்தப் பேச்சுக்கே அர்த்தமில்லை.

போய் நின்றேன். கண்ணில் மாட்டியிருந்த லென்ஸை எடுக்காமலே நிமிர்ந்து பார்த்தான். முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தான். "குச்சி, உள்ள வா" என்றான்.

நடந்ததையெல்லாம் சொன்னேன். அவன் பரிதாபப்படவில்லை. மேஜையிலிருந்து ஓர் எஃகு ஸ்கேலை எடுத்தான். "உன் கை சுத்தளவு என்னன்னு அந்தக் கடையில அளந்தாங்களா?" இல்லை. "மேல்பக்கம் தட்டையா இருக்கிற இடம் எவ்வளவுன்னு பாத்தாங்களா?" அப்படி ஒன்று உண்டென்றே எனக்குத் தெரியாது. அளந்தான். சுற்றளவு 15 செ.மீ. மேலே தட்டையான இடம் 48 மி.மீ.

இங்கேதான் மாணவர்கள் கவனிக்க வேண்டும். கடைக்காரர்களும் விளம்பரங்களும் சொல்வது டயல் பக்கத்து விட்டம்: 36, 40, 42 என்று. மெலிந்த கைக்கு முதலில் பார்க்க வேண்டியது அதுவல்ல. பட்டை மாட்டுவதற்காக மேலும் கீழும் நீட்டிக்கொண்டிருக்கிற நாலு கொம்பு இருக்கிறதே, தொழிலில் லக் என்பார்கள், மேல் கொம்பு நுனியிலிருந்து கீழ்க் கொம்பு நுனி வரை எவ்வளவு நீளம்? அதுதான் கையின் குறுக்கே உட்காரும் அளவு. அது தட்டையான இடத்துக்குள் அடங்க வேண்டும். இரண்டு பக்கமும் இரண்டு, மூன்று மி.மீ. மிச்சம் இருந்தால் உத்தமம். நான் வாங்கியதில் கொம்புக்குக் கொம்பு 51 மி.மீ. என் 48 மி.மீ. திண்ணையில் 51 மி.மீ. கட்டிலைப் போட்டால் கால்கள் தெருவில்தான் நிற்கும்.

கொம்பு எப்படி வளைந்திருக்கிறது என்பதும் முக்கியம். கீழ்நோக்கி வளைந்து இறங்கினால் கையை அணைத்துக்கொள்ளும். நேராக, பலகை மாதிரி நீண்டால் அடியில் இடைவெளி தெரியும். அந்த வழியாக எதிர்ப்பக்கத்துத் தெருவே தெரியும். அடுத்தது உயரம். ஒல்லிக் கையில் உயரமான கடிகாரம் தண்ணீர்க் குடத்தைத் தலையில் வைத்த குழந்தை மாதிரி; சாயத்தான் செய்யும். பத்து மி.மீ.க்குள் இருந்தால் சட்டைக் கையும் அதன் மேல் இறங்கும். பின்மூடி குமிழாகப் புடைத்திருந்தால் அதுவும் கடிகாரத்தைக் கையிலிருந்து தூக்கிப் பிடிக்கும்.

அப்புறம் எடை. முதலாம் ஆண்டு ஆய்வுக்கூடத்தில் அடர்த்தி எண் கண்டுபிடித்தோமே, அது நாற்பத்தாறு வருடம் கழித்து வேலைக்கு வந்தது. டைட்டானியம் ஒரு கன செ.மீ.க்கு நாலரை கிராம், எஃகு எட்டு கிராமுக்குச் சற்றுக் குறைவு, 18 காரட் தங்கம் பதினைந்துக்கு மேல். ஒரே கடிகாரம் எஃகில் சும்மா இருக்கும், தங்கத்தில் புரண்டு விழும். ஒல்லிக் கைக்காரன் தங்கம் வாங்க ஆசைப்பட்டால் தட்டையானதாக, தோல்பட்டையோடு வாங்க வேண்டும்.

கண்ணுக்கு ஒரு மாயமும் உண்டு. ஒரே விட்டமுள்ள இரண்டு கடிகாரத்தில், விளிம்பு மெல்லியதாய் டயல் விரிந்திருப்பது பெரிதாகத் தெரியும்; விளிம்பு பட்டையானது சின்னதாகத் தெரியும். வெள்ளை டயல் பெரிது, கறுப்பு சிறிது. கையை மூக்குக்குக் கீழே வைத்துக் குனிந்து பார்த்தாலும், செல்போனில் கிட்டத்தில் படம் பிடித்தாலும் எல்லாக் கடிகாரமும் பூதமாகத்தான் தெரியும். ஊர் நம்மைப் பார்ப்பது ஆறடி தள்ளி. அதனால் கடையில் ஆளுயரக் கண்ணாடி கேட்டு, தள்ளி நின்று பார்க்க வேண்டும்.

நான் அப்போது ஒரு கேள்வி கேட்டேன். "அப்ப சின்னக் கடிகாரம் கட்டினா பொம்பளை வாட்சுன்னு சொல்ல மாட்டாங்களா?" அவன் என் ஜனதாவைக் கேட்டான். வீட்டில் இருக்கிறது என்றேன். "அது முப்பத்தஞ்சு மில்லிமீட்டர். உங்கப்பா ஆம்பிளை வாட்சுன்னுதானே வாங்கினார்?"

அவன் சொன்ன பிறகுதான் நான் தேடிப் படித்தேன். பெரிய கடிகாரமே ஆணுக்கு அழகு என்பது நேற்று வந்த வழக்கம். முதல் உலகப் போருக்கு முன்னால் கையில் கட்டுவதே பெண்களின் நகை என்றும், ஆண்பிள்ளை சட்டைப்பையில் சங்கிலிக் கடிகாரம் வைத்துக்கொள்ள வேண்டும் என்றும் ஐரோப்பாவில் நினைத்தார்கள். போர்க்களத்தில் பையிலிருந்து எடுத்துப் பார்க்க நேரமில்லாமல் போனதும் கைக்கு ஏறியது. பதேக் பிலிப் 1932-ல் வெளியிட்ட கலத்ராவா ஏறத்தாழ 31 மி.மீ. ரோலெக்ஸ் 1945-ல் கொண்டுவந்த டேட்ஜஸ்ட் 36. ஒரு தலைமுறை முழுக்க அதைப் பெரிய மனிதர்களின் கடிகாரமாகத்தான் கட்டிற்று.

பெரியவையும் அப்போதே இருந்தன. ஆனால் வெறுங்கைக்காக இல்லை. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானிய விமானிகளுக்குச் செய்த கடிகாரம் 55 மி.மீ.; அதைத் தடித்த தோல் மேல்கோட்டுக்கு மேலே நீளப் பட்டையால் கட்டினார்கள். இத்தாலியக் கடற்படை முக்குளிப்பவர்களுக்குப் பனராய் செய்தது 47 மி.மீ. இருட்டுத் தண்ணீரில் தெரிய வேண்டுமே. 1990களின் இறுதியில் அந்தச் சாயல் நாகரிகமாகி, உலகம் முழுவதும் ஆண்கள் கையில் இட்லித்தட்டைக் கட்டிக்கொண்டார்கள். இப்போது அலை திரும்பிவிட்டது. ரோலெக்ஸ் எக்ஸ்ப்ளோரர் 1953-ல் 36 மி.மீ.யில் பிறந்து, 2010-ல் 39 ஆகி, 2021-ல் மறுபடி 36-க்கே வந்தது. டியூடர் 2023-ல் 37 மி.மீ.யில் முக்குளிப்புக் கடிகாரம் ஒன்றை வெளியிட்டது.

சரி, என் கதைக்கு வருகிறேன். நண்பன் என்னை உடனே கடைக்கு அனுப்பவில்லை. பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையை எடுத்துக் கத்தரித்தான். கொம்புக்குக் கொம்பு 40, 43, 45, 47 என்று நாலு துண்டு. "தினம் ஒண்ணை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிக்கிட்டுச் சுத்து. எது உனக்கு மறந்துபோகுதோ அதைச் சொல்லு" என்றான். யாருடைய பத்திரிகையோ தெரியாது. 'தங்கள் நல்வரவை நாடும்' என்ற எழுத்து என் கையில் நாலு நாள் இருந்தது. 47 உறுத்திற்று. 45-ல் கையைப் பின்னால் மடக்கினால் தெரிந்தது. 43 மறந்துபோயிற்று. 40-ஐக் குளிக்கும்போதுதான் கவனித்தேன்.

பிறகு அவனையும் கூட்டிக்கொண்டே கடை கடையாகப் போனேன். மத்தியானம்தான் போவோம், கை உப்பியிருக்கும் நேரம். ஜெர்மனியின் நோமோஸ் டாங்கெண்டே கட்டிப் பார்த்தேன். 35 மி.மீ.தானே என்று அலட்சியமாகக் கையை நீட்டினேன். மெல்லியது, அழகு, ஆனால் கொம்பு நீளம், நேர். விட்டத்தின் எண்ணை நம்பாதே என்பதற்கு அதைவிட நல்ல பாடமில்லை. தட்டையான அகலக் கை உள்ளவருக்குப் பிரமாதமாக இருக்கும். கிராண்ட் சைக்கோவில் சாவி கொடுக்கிற 37.3 மி.மீ. ஒன்று, கொம்புக்குக் கொம்பு 44.3. அந்த முட்களின் பளபளப்பை நண்பன் லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. ஆனால் உயரம் 11.6. என் கையில் சற்றே தூக்கல்.

ஜாகர் லெகூல்த்தரின் ரிவெர்ஸோ எனக்கு ரொம்பப் பிடித்தது. அதற்கு நம் நாட்டோடு ஒரு சம்பந்தம் உண்டு. இந்தியாவில் போலோ ஆடிய ஆங்கிலேய அதிகாரிகளின் கடிகாரக் கண்ணாடி மட்டை பட்டு உடைந்துகொண்டே இருந்ததாம். அதற்காக, முகத்தைப் புரட்டி உள்பக்கமாகத் திருப்பி வைத்துக்கொள்ளும்படி 1931-ல் செய்தார்கள். நீள்சதுரம், தட்டை, கையோடு கையாக ஒட்டிற்று. விலையைக் கேட்டதும் நாங்கள் இருவரும் அதைப் புரட்டி வைத்துவிட்டு வெளியே வந்தோம்.

கடைசியில் அமைந்தது கார்த்தியே டாங்க். லூயி கார்த்தியே 1917-ல், போர் டாங்கியை மேலிருந்து பார்த்த வடிவத்தில் வரைந்ததாகச் சொல்வார்கள். நான் பார்த்தது டாங்க் மஸ்ட், எஃகு, பெரிய அளவு. பெரிய அளவு என்றால் என்ன? நீளம் 33.7 மி.மீ., அகலம் 25.5, உயரம் 6.6. இதில் கொம்பு தனியாக இல்லை. பக்கச் சட்டமே நீண்டு கொம்பாகிவிடுகிறது. அதனால் 33.7 என்பதுதான் மொத்த நீளமும். என் 48 மி.மீ.யில் இருபக்கமும் ஏழு மி.மீ. காலி. கட்டியதும் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கட்டியிருப்பதே தெரியவில்லை என்று சொல்கிறேன்.

விற்பனைப் பெண் நேர்மையானவர். "இதை லேடீஸும் போடுவாங்க சார், பரவாயில்லையா?" என்று கேட்டார். நான் வாய் திறக்குமுன் நண்பன், "ஜாக்குலின் கென்னடி கட்டினாங்க. அதுக்கு முன்னாடி சினிமாவில வாலண்டினோ கட்டினான். இவனும் கட்டட்டும்" என்றான். வாலண்டினோ யார் என்று எனக்கு அப்போது தெரியாது. தெரிந்த மாதிரி தலையை ஆட்டினேன்.

பட்டை விஷயத்திலும் அவன் விடவில்லை. சாதாரணமாகத் தோல்பட்டை இரு துண்டாக வரும்; நீளத்துண்டு 115 முதல் 120 மி.மீ., குட்டைத்துண்டு 75 முதல் 80. என் மாதிரிக் கைக்கு அது வால் விடும். கொளுக்கி கையின் நடுவில் நிற்காமல் ஒரு பக்கம் ஏறிவிடும். குட்டை அளவு என்று தனியாக உண்டு, கேட்டால் வரவழைத்துத் தருவார்கள். கேட்காவிட்டால் தானாக யாரும் சொல்வதில்லை. மடக்குப் பூட்டு நாகரிகம்தான், ஆனால் ஒல்லிக் கையின் அடியில் அது ஒரு இரும்புப் பாலம். சாதா ஊசிக் கொளுக்கி போதும். பட்டை மெல்லியதாக, உள்ளே பஞ்சு வைக்காததாக இருக்கட்டும். நம் ஊர் வியர்வைக்குத் தோல் சீக்கிரம் நாறும். இரண்டு பட்டை வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிக் கட்டுங்கள்.

செயின்தான் வேண்டும் என்பவர்கள் மூன்று இடம் பார்க்க வேண்டும். கடிகாரத்தை ஒட்டிய முதல் லிங்க் உடனே கீழே மடங்குகிறதா, அல்லது கொம்பின் தொடர்ச்சியாக விறைத்து நிற்கிறதா? விறைத்தால் கொம்பு நீளத்தில் அதையும் கூட்டிக்கொள்ளுங்கள். செயின் கீழே போகப் போகக் குறுகுகிறதா? பூட்டிலேயே சின்னச் சின்னதாகக் கூட்டிக் குறைக்க வழி உண்டா? லிங்கை ஒரே பக்கம் கழற்றக்கூடாது. பூட்டு கையின் அடியில் நடுவாக வரும்படி இரு பக்கமும் பார்த்துக் கழற்ற வேண்டும். என் முதல் கடிகாரத்தில் ஏழையும் கண்டபடி எடுத்திருந்தார்கள்.

இங்கே மாணவிகள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்கள் சிக்கல் என்னுடையதன் மறுபக்கம் என்று என் மகள் சொல்வாள். பெண்களுக்கான வரிசையில் போனால் பொடி டயல், சுற்றிலும் கல், படிக்கவே முடியாது. ஆண்கள் வரிசையில் போனால் கை மறைந்துவிடும். அந்தப் பலகைகளைப் படிக்காதீர்கள். 31-லிருந்து 36 வரை எந்த வரிசையில் இருந்தாலும் கேட்டு வாங்கிக் கட்டிப் பாருங்கள். என் ஜனதா இப்போது அவள் கையில்தான். பட்டை யார் வெட்டித் தைத்தது என்று கேட்க வேண்டாம். எச்.எம்.டி. கடிகாரப் பிரிவை மூட 2016-ல் முடிவாயிற்று. கடிகாரம் அதைக் கேள்விப்படவில்லை, ஓடிக்கொண்டிருக்கிறது.

மாணவர்களுக்கு இன்னொன்று. முதல் சம்பளத்தில், மாதத் தவணையில் சுவிஸ் கடிகாரம் வாங்காதீர்கள். முன்னாள் வங்கிக்காரன் இதைச் சொல்லாமல் இறங்கினால் செயலர் கோபித்துக்கொள்வார். மெலிந்த கைக்கு நல்ல கடிகாரம் ஓசூரிலேயே இருக்கிறது. டாடாவும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் சேர்ந்து 1984-ல் தொடங்கிய டைட்டன், 2002-ல் எட்ஜ் என்று ஒன்று கொண்டுவந்தது. மொத்த உயரமே 3.5 மி.மீ. கட்டிப் பாருங்கள். அளக்கிற முறை எல்லா விலைக்கும் ஒன்றுதான்.

இன்று நான் அரைக்கைச் சட்டை போட்டு வந்திருக்கிறேன். என் வகுப்புக்காரர்களில் இரண்டு பேர் காலையிலேயே கவனித்துவிட்டார்கள். "கை இவ்வளவு ஒல்லியாடா உனக்கு?" என்று ஒருவன் கேட்டான். ஆமாம், 15 செ.மீ. என்றேன்.

என் நண்பன் வந்திருக்கிறான். மூன்றாம் வரிசை, ஓரத்து நாற்காலி. பேரைச் சொன்னால் மேடை ஏறி மைக்கைப் பிடுங்கிவிடுவேன் என்று சொல்லியிருப்பதால் சொல்லவில்லை. பட்டம் வாங்காவிட்டாலும் இங்கே படித்தவர்கள் எல்லோரும் உறுப்பினராகலாம் என்று சங்கம் இந்த ஆண்டு விதியைத் திருத்தியிருக்கிறது. தலைவருக்கும் செயலருக்கும் அதற்காக என் தனிப்பட்ட நன்றி. காலையில் அவன் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டபோது, படித்த ஆண்டு என்ற கட்டத்தில் 1976-78 என்று எழுதிவிட்டு, பேனாவை மூடாமல் கொஞ்ச நேரம் நின்றான்.

அவன் பையில் எஃகு ஸ்கேல் இருக்கிறது. கல்யாணப் பத்திரிகை அட்டை ஒரு கட்டு இருக்கிறது, கத்தரிக்கோல் இருக்கிறது. சாப்பாட்டுக்குப் பிறகு இயற்பியல் துறை வாசலில், பழைய வேப்பமரத்தடியில் உட்காருவான். கை அளக்க வேண்டும் என்பவர்கள் வரலாம். கட்டணம் நூறு கிராம் பக்கோடா.